எண்களுக்கு முன்னால் அளவு: ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வகப் பள்ளி குறித்து ஒரு மதிப்புரை

ஹொனலூலு நகரில், ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மானோவா வளாகத்தை ஒட்டி, மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நானூற்றுச் சொச்சம் மாணவர்கள் படிக்கும் ஒரு சிறிய பள்ளி இருக்கிறது. அதன் பெயரே பல்கலைக்கழக ஆய்வகப் பள்ளி என்பதுதான். அது கட்டணம் வாங்காத பொதுப் பள்ளி. அரசின் வழக்கமான நிர்வாகத்துக்கு வெளியே, தனி ஒப்பந்தத்தின் கீழ், தன் சொந்த ஆட்சிக்குழுவைக் கொண்டு இயங்கும் சார்ட்டர் பள்ளி. அதே நேரத்தில், பல்கலைக்கழகத்தின் கல்வி ஆய்வாளர்கள் தாம் எழுதும் பாடங்களை முதன்முதலில் சோதித்துப் பார்க்கும் இடமும் அதுவே. இந்த மூன்று அடையாளங்களும் ஒரே கூரையின் கீழ் எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்பதைப் பார்ப்பதே இந்த மதிப்புரையின் நோக்கம். பள்ளியிலிருந்து வெளிவந்த கணித, அறிவியல் பாடங்களையும், அவற்றைப் பற்றி அச்சான ஆய்வுகளையும், பள்ளியின் அமைப்பையும் வைத்தே எழுதுகிறேன். கட்டடத்தின் வண்ணத்தையும் உணவுக்கூடத்தின் சுவையையும் எதிர்பார்ப்பவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் ஒன்றாகக் கட்டி ‘ஸ்டெம்’ என்று அழைக்கும் பழக்கம் 2001-க்குப் பிறகுதான் அமெரிக்காவில் பரவலானது. இன்று அந்தப் பெயர்ப் பலகையைத் தொங்கவிட்டிருக்கும் பள்ளிகள் ஏராளம். அவற்றில் பலவற்றின் விளம்பரங்களைப் படித்தால் முப்பரிமாண அச்சு எந்திரமும் ரோபோ போட்டிக் கோப்பையும் தெரிகின்றன. ஏழாம் வகுப்பில் அடர்த்தியை எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்பது மட்டும் தெரிவதில்லை. ஹொனலூலுப் பள்ளியின் நிலை இதற்கு நேர்மாறானது. அந்தப் பெயர் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1960-களின் பிற்பாதியிலேயே, பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட ஆய்வு மேம்பாட்டுக் குழு இந்தப் பள்ளியின் வகுப்பறைகளை வைத்துக்கொண்டு அறிவியல் பாடங்களை அடியிலிருந்து எழுதத் தொடங்கிவிட்டது. ஆகவே இங்கே மதிப்பிட வேண்டிய பொருள் பாடம்தான். மற்றவை பின்னால் வரட்டும்.

அந்தப் பாடங்களில் பெயர் பெற்றது, ‘ஃபாஸ்ட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் நடுநிலை வகுப்பு அறிவியல் திட்டம். பிரான்சிஸ் பாட்டிங்கர் என்ற கல்வியாளரின் தலைமையில் உருவான இது மூன்று ஆண்டுப் பாடம். முதல் ஆண்டு மாணவரைச் சுற்றியுள்ள சூழல், இரண்டாம் ஆண்டு உயிர்க்கோளத்தில் பொருளும் ஆற்றலும், மூன்றாம் ஆண்டு காலப்போக்கில் நிகழும் மாற்றம் என்று அது விரிகிறது. இயற்பியலும் வேதியியலும் ஒரு இழையாகவும், சூழலியல் மற்றொரு இழையாகவும், அறிவியலுக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவு மூன்றாவது இழையாகவும் இணையாக ஓடுகின்றன. ஆனால் வகுப்பில் மாணவர் கையில் இருப்பது நாம் பழகிய பாடநூல் அன்று. வரையறைகளை முதலில் சொல்லி, பிறகு அவற்றை மெய்ப்பிக்க ஒரு சோதனையைச் செய்யச் சொல்லும் வழக்கத்தை ஃபாஸ்ட் தலைகீழாக்கியது. மாணவருக்குக் கிடைப்பது ஒரு புதிரும், அதைத் தொடங்கத் தேவையான கருவிகளும், எழுதி வைக்க ஒரு குறிப்பேடும் மட்டுமே.

மிதத்தலும் மூழ்குதலும் பற்றிய தொடக்கப் பகுதியைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். மொத்தம் பன்னிரண்டு ஆய்வுகள். முதல் நாள் மேசையில், பார்வைக்கு நீர் போலவே தெளிவாக இருக்கும் இரண்டு திரவங்களும் சில சிறு குப்பிகளும் இருக்கின்றன. ஒன்றில் மிதக்கும் குப்பி மற்றொன்றில் மூழ்குகிறது. ஏன் என்று ஆசிரியர் சொல்வதில்லை. மாணவர்கள் தத்தமது ஊகங்களை எழுதி வைக்கிறார்கள், அவ்வளவே. அடுத்த ஆய்வில் ஒரு ஸ்ட்ராவின் அடிப்பக்கத்தைக் களிமண்ணால் அடைத்து, அதனுள் சிறிய உலோகக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, நீரில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளக்கிறார்கள். மூன்றாவது ஆய்வு அந்த அளவுகளை வரைபடமாக்குவது. நான்காவதில்தான் நிறை என்ற கருத்தே முறையாக உள்ளே வருகிறது.

இது எளிய விளையாட்டாகத் தோன்றும். நான் அறிவியல் ஆசிரியராக இருந்தபோது இந்த ஸ்ட்ரா ஆய்வை எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் செய்து பார்த்திருக்கிறேன். சைக்கிள் கடையில் வாங்கிய பால்ரஸ் குண்டுகளே போதும். குண்டுகளின் எண்ணிக்கையைக் கிடை அச்சிலும் மூழ்கிய ஆழத்தை நிலை அச்சிலும் குறித்தால் புள்ளிகள் அழகான நேர்கோட்டில் விழுகின்றன. அதைவிட நல்ல விஷயம், அந்தக் கோடு பூச்சியத்திலிருந்து தொடங்குவதில்லை. குண்டு ஒன்றுமே இல்லாதபோதும் ஸ்ட்ரா கொஞ்சம் மூழ்கித்தான் நிற்கிறது. ‘அளந்ததில் தப்பு’ என்று முதலில் எல்லோரும் சொல்வார்கள், திரும்ப அளப்பார்கள், மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்கும். பிறகு யாராவது ஒருவர், களிமண்ணுக்கும் ஸ்ட்ராவுக்கும் நிறை உண்டே என்று சொல்லும் தருணத்தில், நேர்கோட்டுச் சமன்பாட்டின் வெட்டுத்துண்டு, அதாவது கோடு அச்சை வெட்டும் இடம், என்பது கணித நோட்டில் மட்டும் வாழும் பிராணி அல்ல என்பது வகுப்பு முழுவதற்கும் விளங்கிவிடுகிறது. கணிதமும் அறிவியலும் ‘ஒருங்கிணைந்த’ பாடம் என்று ஆயிரம் அறிக்கைகள் சொல்வதை இந்த ஒரு ஸ்ட்ரா செய்துவிடுகிறது.

பாடத்தை எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம் இதற்குப் பிறகுதான் தெரிகிறது. ஸ்ட்ரா ஆய்வு முடிந்ததும் மாணவர்கள் இயல்பாக வந்து சேரும் முடிவு, ‘எடை கூடினால் மூழ்கும்’ என்பது. அது பாதி உண்மை. பாடம் அதை அவசரப்பட்டுத் திருத்துவதில்லை. ஐந்தாம், ஆறாம் ஆய்வுகளில் வெவ்வேறு அளவுள்ள அட்டைப்பெட்டிகளை எடை சேர்த்து மூழ்கடிக்கச் சொல்கிறது; அங்கே நிறையை மட்டும் வைத்துக்கொண்டு விளக்க முடியாமல் போய், பருமன் உள்ளே வந்தாக வேண்டிய கட்டாயம் பிறக்கிறது. பிறகு கார்ட்டீசிய முக்குளிப்பான். குப்பியை அழுத்தினால் மூழ்கி, விட்டால் எழும் அந்தப் பழைய வேடிக்கைப் பொருளில், நிறையும் பருமனும் சேர்ந்து அடர்த்தியாகின்றன. பொருளின் அடர்த்தி, திரவத்தின் அடர்த்தி என்று நகர்ந்து கடைசி ஆய்வில் ஒப்படர்த்திக்கு (ஒன்றின் அடர்த்தியை மற்றொன்றின் அடர்த்தியோடு ஒப்பிடுவதற்கு) வரும்போது, முதல் நாள் மேசையில் விளங்காமல் இருந்த இரண்டு திரவங்களின் மர்மம் மாணவரின் சொந்த விளக்கத்தால் அவிழ்கிறது. நம் பாடநூல்கள் ஒரே பத்தியில் வரையறுத்துவிட்டு நகரும் அடர்த்திக்கு இங்கே பல வாரங்கள் செலவாகின்றன. இவ்வளவு நேரம் தேவையா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதில், மேல்நிலை வகுப்புக்கு வந்த பிறகும் இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது என்ற கேள்விக்குத் தடுமாறும் மாணவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள் என்பதுதான்.

ஆனாலும் இந்தத் திட்டத்தைப் புகழ்பவர்கள் மறைக்கக் கூடாத ஓர் ஆய்வு இருக்கிறது. அது இதே பன்னிரண்டு ஆய்வுகளைப் பற்றியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஷேவல்சனும் ஹவாய் ஆய்வுக் குழுவினரும் சேர்ந்து, மிதத்தல்–மூழ்குதல் பகுதியின் நடுநடுவே மாணவரின் புரிதலைச் சோதித்து, அதற்கேற்ப விவாதம் நடத்தும் சிறப்பு வகுப்புகளைச் செருகினார்கள். ஃபாஸ்ட் கற்பித்து வந்த பன்னிரண்டு ஆசிரியர்களில் ஆறு பேர் அந்தச் சிறப்பு வகுப்புகளுடனும், ஆறு பேர் அவை இல்லாமலும் நடத்தினார்கள். 2008-இல் வெளியான முடிவு, இரண்டு அணிகளுக்கும் இடையே எதிர்பார்த்த வேறுபாடு இல்லை என்பது. வேறுபாடு ஆசிரியருக்கும் ஆசிரியருக்கும் இடையே இருந்தது. பாடத்தின் வடிவம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், விடையைச் சொல்லாமல் காத்திருக்கும் பொறுமையும், மாணவர் சொன்ன அரைகுறை விளக்கத்தைக் கொண்டே அடுத்த கேள்வியை எழுப்பும் திறமையும் இல்லாத ஆசிரியரிடம் அது சாதாரணச் செய்முறை வகுப்பாகச் சுருங்கிவிடும். ஓர் ஆய்வகப் பள்ளிக்கு இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று சொல்வது கடினம். பாடத்தை எழுதியவர் பக்கத்து அறையில் இருக்கும் பள்ளியில் அந்தத் திறமையை வளர்ப்பது எளிது; பாடம் மட்டும் தபாலில் போய்ச் சேரும் பள்ளியில் எளிதல்ல. தாம் உருவாக்கிய பாடத்தின் மீதே இப்படி ஓர் ஆய்வை நடத்தி, எதிர்பார்த்தது நடக்கவில்லை என்ற முடிவை அச்சிலும் ஏற்றினார்கள் என்பது என் கணக்கில் அந்தக் குழுவின் பெருமைகளுள் ஒன்று.

கணிதத்தில் இந்தப் பள்ளி செய்தது இன்னும் துணிச்சலானது. 2001-ஐ ஒட்டி, பார்பரா டோஹெர்ட்டியின் தலைமையில் ‘மெஷர் அப்’ என்ற தொடக்கநிலைக் கணிதத் திட்டம் இங்கே தொடங்கியது. இதன் வேர் ஹவாயில் இல்லை, மாஸ்கோவில் இருக்கிறது. வாசிலி டேவிடோவ், டேனியல் எல்கோனின் ஆகிய சோவியத் உளவியலாளர்கள், குழந்தைக்குக் கணிதத்தை எண்ணிக்கையிலிருந்து தொடங்கக் கூடாது, அளவிலிருந்து தொடங்க வேண்டும் என்று வாதிட்டு, மாஸ்கோவின் 91-ஆம் எண் பள்ளியில் அதைச் செய்தும் காட்டினார்கள். அந்தக் கருத்தையே ஹவாய்க் குழு ஆங்கில வகுப்பறைக்கு ஏற்ப மீண்டும் கட்டியெழுப்பியது.

முதல் வகுப்பில் பல வாரங்களுக்கு எண்களே வருவதில்லை. குழந்தைகள் இரண்டு கயிறுகளின் நீளத்தையும், இரண்டு தாள்களின் பரப்பையும், இரண்டு பாத்திரங்களில் உள்ள நீரின் பருமனையும், தராசில் இரண்டு பொருள்களின் நிறையையும் ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட்டதை எழுத்துகளைக் கொண்டு குறிக்கிறார்கள். ஒரு பாத்திரத்தின் நீர் க, மற்றதன் நீர் த என்றால், ‘க > த’ என்று ஆறு வயதுக் குழந்தை எழுதுகிறது. அதையே ‘த < க’ என்றும் திருப்பி எழுதலாம் என்பதைத் தானே கண்டுகொள்கிறது. பிறகு கேள்வி மாறுகிறது: இரண்டையும் சமமாக்க என்ன செய்யலாம்? குறைந்ததில் ஊற்றலாம், அல்லது கூடியதிலிருந்து எடுக்கலாம். இரண்டு வழியிலும் ஊற்றுவதும் எடுப்பதும் ஒரே அளவுதான். அந்த அளவுதான் வேறுபாடு. கூட்டலும் கழித்தலும் ஒன்றுக்கொன்று எதிர்ச்செயல்கள் என்பதை, ஒரு கணக்கும் போடாமலேயே, குழந்தை கையால் அறிந்துவிடுகிறது. க-வும் த-வும் சமம், த-வும் ம-வும் சமம் என்றால் க-வையும் ம-வையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை என்ற தர்க்கமும் அதே வழியில் வருகிறது.

எண் எப்போது வருகிறது? நேராகப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாதபோது. அறையின் ஒரு மூலையில் ஒரு தொட்டி, மறு மூலையில் இன்னொன்று. இரண்டையும் நகர்த்த முடியாது. அப்போது ஒரு சிறு கிண்ணத்தை அலகாக எடுத்துக்கொண்டு, எத்தனை கிண்ணம் என்று அளக்க வேண்டியிருக்கிறது. எண் என்பது ஓர் அளவுக்கும் ஓர் அலகுக்கும் உள்ள உறவு என்ற கருத்து இங்கே பிறக்கிறது. அலகை மாற்றினால் எண் மாறும், அளவு மாறாது. ஆறு வயதில் இது கைக்கு வந்துவிட்டால், பின்னாளில் கிண்ணம் முழுதாக நிரம்பாதபோது பின்னம் வருவதும், அலகை பத்தாகப் பகுத்தால் தசமம் வருவதும் புதிய பாடங்களாகத் தோன்றுவதில்லை. விரல் விட்டு எண்ணித் தொடங்கிய குழந்தைக்கோ, அரைக்கும் காலுக்கும் விரல் இல்லை. நம் ஊர்களில் நான்காம் வகுப்பில் பின்னத்தைப் பார்த்து மிரளும் குழந்தைகளைக் கண்டவர்களுக்கு இதன் மதிப்பு உடனே விளங்கும்.

எனக்கு இதில் இரண்டு தயக்கங்கள் உண்டு. முதலாவது, சான்று சிறியது. இந்தப் பள்ளியின் தொடக்க வகுப்புகள் வழக்கமான பள்ளிகளின் வகுப்புகளைவிட மிகச் சிறியவை. ஆய்வாளரே வகுப்பறையில் நாள்தோறும் உட்கார்ந்திருக்கும் சூழலில், சிறு குழுவாக அமர்ந்து படிக்கும் குழந்தைகள் நன்றாகக் கற்றார்கள் என்றால், அதில் பாடத்தின் பங்கு எவ்வளவு, கவனிப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஹவாய்த் தீவில் ஹைலோ நகரிலுள்ள இன்னொரு சார்ட்டர் பள்ளியிலும் இதே பாடத்தைச் சோதித்தார்கள் என்பது ஆறுதல். ஆனால் முப்பத்தைந்து குழந்தைகள் உள்ள வகுப்பில் நீர் ஊற்றி அளக்கும் பாடத்தை ஒரே ஆசிரியர் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு அதுவும் விடையாகாது. இரண்டாவது தயக்கம் பெற்றோர் சார்ந்தது. அண்டை வீட்டுக் குழந்தை நூறு வரை கூட்டிக் காட்டும்போது தம் குழந்தை ‘க > த’ என்று எழுதிக்கொண்டிருப்பதைப் பொறுத்துக்கொள்ளும் மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆய்வகப் பள்ளியில் சேர்ப்பவர்கள் இந்த இடைக்காலத்தைத் தாங்கத் தயாராக இருக்க வேண்டும்.

உயர்நிலை வகுப்புகளுக்கும் இதே குழு பாடம் எழுதியிருக்கிறது. சிக்கல்களைத் தீர்ப்பதன் வழியாகவே அல்ஜீப்ராவைக் கற்பிக்கும் ஒரு நூல் 1990-களின் தொடக்கத்தில் வந்தது. கடல் அறிவியலுக்கென எழுதப்பட்ட பாடம் இப்போது இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அலை, நீரோட்டம், உவர்ப்பு, மிதவை உயிரிகள் என்று கடலை முன்வைத்தே இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் சொல்லும் அது, பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்ததில் வியப்பில்லை. கடற்கரை மாவட்டங்களில் அறிவியல் கற்பிக்கும் எந்த ஆசிரியரும் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

பள்ளியின் அமைப்பில் என்னை மிகவும் கவர்ந்தது மாணவர் சேர்க்கைக் கொள்கை. ஆய்வகப் பள்ளி என்ற கருத்து 1896-இல் ஜான் டூயி சிகாகோவில் தொடங்கிய பள்ளியிலிருந்து பரவியது. பரவிய இடங்களில் பெரும்பாலும் அது பேராசிரியர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியாகிப் போனது. பேராசிரியர் வீட்டுப் பிள்ளையிடம் வெற்றி பெறும் பாடம் எந்தப் பிள்ளையிடமும் வெற்றி பெறும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஹொனலூலுப் பள்ளி இதற்கு வேறு விடை கண்டது. பாலினம், இனப் பின்னணி, குடும்ப வருமானம், முந்தைய தேர்ச்சி நிலை ஆகியவற்றில் மாநிலத்தின் மாணவர் தொகையை ஒத்த ஒரு சிறு மாதிரியாக மாணவர்களைச் சேர்ப்பது அதன் நெடுநாளைய கொள்கை. பெரும்பான்மை இனம் என்று ஒன்று இல்லாத ஹவாயில் இப்படி ஒரு மாதிரியைத் திரட்டுவது எளிய வேலை அல்ல. சேர்ந்த பிறகு கெட்டிக்காரர் பிரிவு, மெதுவாகப் படிப்போர் பிரிவு என்ற பாகுபாடும் கிடையாது. அறிவியல், கணிதம், இசை, பிற மொழி என எல்லோரும் ஒரே பாதையில் போகிறார்கள். பாடத்தைச் சோதிப்பவருக்கு இது வரம்.

பெற்றோருக்கு வரமா என்பது பிள்ளையைப் பொறுத்தது. கணிதத்தில் இரண்டு வகுப்பு முன்னால் ஓடும் பிள்ளைக்கு, எல்லோருக்கும் ஒரே பாதை என்ற ஏற்பாடு சலிப்பைத் தரலாம். ஒலிம்பியாட் பதக்கத்தையும், விருப்பப்படி தேர்ந்தெடுக்கப் பத்து வகை மேல்நிலைப் பாடங்களையும் எதிர்பார்க்கும் குடும்பம் வேறு இடம் பார்ப்பது நல்லது. அப்படிப்பட்ட இடங்களும் ஹொனலூலுவில் குறைவில்லை: ஒபாமா படித்த புனஹோ பள்ளி இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. தனியார் பள்ளிகளில் படிக்கும் மாணவர்களின் விகிதம் அமெரிக்காவிலேயே மிக அதிகமாக உள்ள மாநிலங்களுள் ஹவாயும் ஒன்று. அந்தச் சந்தையில், பெரும் கட்டணம் கட்டிக் கிடைப்பதில் பாதியையாவது கட்டணமின்றித் தரும் பொதுப் பள்ளியில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். இடங்கள் மிகக் குறைவு; மழலையர் வகுப்பிலோ நடுநிலை வகுப்பின் தொடக்கத்திலோ நுழையத் தவறியவர்களுக்கு வாய்ப்பு இன்னும் சுருங்கும். மாநிலத் தேர்வு மதிப்பெண்களை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்தும் வழக்கமுள்ளவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளட்டும்: ஒரு வகுப்பில் இத்தனை குறைவான மாணவர்கள் இருக்கும்போது, இரண்டு மூன்று பேரின் மதிப்பெண் மாறினாலே பள்ளியின் விழுக்காடு ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். அந்த எண்களை வைத்து இந்தப் பள்ளியை எடைபோட நான் துணிய மாட்டேன்.

விளையாட்டைப் பற்றி ஒரு வரி. பொதுப் பள்ளியாக இருந்தும் இது ஹொனலூலுவின் தனியார் பள்ளிகளின் விளையாட்டுக் கூட்டமைப்பிலேயே ஆடுகிறது. தன் பலத்தில் பெரிய அணிகளைத் திரட்ட முடியாத சிறிய பள்ளி என்பதால், சில விளையாட்டுகளில் மற்ற சிறு பள்ளிகளுடன் சேர்ந்து அமைத்த கூட்டு அணியில் இதன் மாணவர்கள் இடம் பெற்றிருக்கிறார்கள்.

இனி நிர்வாகம். 2001 வரை பல்கலைக்கழகத்தின் பகுதியாக இருந்த பள்ளி, அந்த ஆண்டில் சார்ட்டர் பள்ளியானது. ஹவாயில் மாநிலம் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம் என்பது அமெரிக்காவில் வேறெங்கும் இல்லாத ஏற்பாடு; அந்த ஒற்றை நிர்வாகத்தின் பாடத்திட்ட முடிவுகளிலிருந்து விலகி நிற்க ஓர் ஆய்வகப் பள்ளிக்குச் சார்ட்டர் அந்தஸ்து பெரிய உதவி. முதல் வகுப்பில் எண்களைத் தள்ளிப்போடும் பாடத்தை வழக்கமான பள்ளியில் நடத்த யார் கையெழுத்திடுவார்கள்? ஆனால் அந்த விடுதலைக்கு விலை உண்டு. சார்ட்டர் பள்ளிக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாநில நிதி வருகிறது. கட்டடத்துக்கும் பராமரிப்புக்கும் வழக்கமான பள்ளிகளுக்குக் கிடைக்கும் ஏற்பாடு அதில் இல்லை. பல்கலைக்கழக நிலத்தில் இருப்பது இந்தச் சுமையை ஓரளவு குறைக்கிறது. கூடவே, பள்ளிக்குத் தன் ஆட்சிக்குழு, ஆய்வாளர்களுக்குத் தம் பல்கலைக்கழகத் துறை என்று இரண்டு தலைமைகள் ஏற்பட்டுவிட்டன. ஆய்வுக்கு மானியம் கிடைக்கும் ஆண்டுகளில் ஆய்வகம் சுறுசுறுப்பாகவும், கிடைக்காத ஆண்டுகளில் பள்ளி வெறும் பள்ளியாகவும் இருக்கும் அபாயம் இந்த அமைப்பிலேயே பொதிந்திருக்கிறது. மெஷர் அப் போல ஒரு பெரிய முயற்சி தொடங்கிக் கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது. அந்த அளவு துணிச்சலுள்ள அடுத்த பாடம் எது என்பது, ‘ஆய்வகம்’ என்ற பெயரைத் தாங்கும் பள்ளியிடம் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

ஃபாஸ்ட் நூல்களின் பதிப்புகள் பழையவை. தாள்களின் தோற்றமும் அப்படித்தான். 2016-இல் ஹவாய் ஏற்றுக்கொண்ட ‘அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள்’, மாணவர்கள் அறிவியலாளரைப் போல வினா எழுப்பி, அளந்து, வாதிட வேண்டும் என்று சொல்வதை இந்த நூல்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்துகொண்டிருந்தன என்றாலும், கணினி வழி அளவீடும் தரவுப் பகுப்பாய்வும் அவற்றில் இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவது பல்கலைக்கழகத்துக்கு முடியாத காரியம் அல்ல. ஸ்ட்ரா ஆய்வை அப்படியே விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் வரைபடத்தை மாணவர்களே கணினியில் வரைந்து, பல வகுப்புகளின் அளவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும்படி ஒரு பக்கம் சேர்த்தால்கூடப் போதும்.

பள்ளியிடம் நான் எதிர்பார்த்து, இதுவரை ஓரிடத்தில் தொகுத்துக் காணாத ஒன்று உண்டு. இத்தனை ஆண்டுகளில் இந்த வகுப்பறைகளில் சோதித்துக் கைவிட்ட பாடங்கள் நிச்சயம் ஏராளமாக இருந்திருக்கும். எந்த ஆய்வு மாணவரைக் குழப்பியது, எந்தப் பக்கம் மூன்று முறை திருத்தியும் சரிவரவில்லை, எதை ஏன் வெட்டினார்கள் என்ற பட்டியலை ஒரு நூலாகப் பல்கலைக்கழகம் வெளியிட்டால், உலகின் எந்த மூலையிலும் பாடம் எழுதுபவர்களுக்கு அது ஃபாஸ்டை விடவும் பயன்படும். ஹொனலூலுவுக்குக் குடிபெயரும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது: கட்டாயம் விண்ணப்பியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி வீடு பார்க்காதீர்கள், சேர்க்கைக்கான நேர்முக விளக்கக் கூட்டத்தில், இந்த ஆண்டு எந்தப் பாடம் சோதனையில் இருக்கிறது, அதை எழுதியவர் வாரத்தில் எத்தனை முறை வகுப்புக்கு வருகிறார் என்று கேளுங்கள்.